தேய்ந்த உருளைகள் தந்த தொழிற்கல்வி

கோவையின் இயந்திரத் தொழில் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய பஞ்சாலையையும் 1932-இல் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்சாரத்தையும் சொல்வார்கள். இரண்டும் மெய்யான காரணங்களே. ஆனால் ஆலையும் மின்சாரமும் இருந்தால், வந்த இயந்திரத்தை ஓட்டலாம். இயந்திரம் செய்யும் அறிவு அதனால் மட்டும் வந்துவிடாது. அந்த அறிவைக் கொடுத்ததில் பெரும்பங்கு, தேய்ந்த பாகங்களைச் சீராக்கி மறுபடி ஓடவிட்ட பட்டறைகளுக்கு உண்டு. நூற்பு இயந்திரங்கள் பெரும்பாலும் லங்காஷயரிலிருந்து கப்பலில் வந்தவை. உதிரிபாகங்களுக்கும் அதே வழிதான். இரண்டாம் உலகப் போரில் அந்த வழி அடைபட்டது. நூலுக்கோ கிராக்கி கூடியது. தேய்ந்ததைச் செப்பனிடுவதைத் தவிர ஆலைகளுக்கு வேறு போக்கில்லை.

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தின் டாப் ரோலர், அதாவது மேல் உருளை, ஒன்றே போதும். இரும்பு உருளைமேல் முன்பு தோலும் பின்னாளில் செயற்கை ரப்பரும் உறையாகப் போர்த்தப்பட்டன. பஞ்சிழை ஓடும் இடத்தில் உறையில் பள்ளம் விழும். சாணைக்கல்லில் கொடுத்து மெல்லிய படலம் ஒன்றை எடுத்துவிட்டால் பரப்பு மீண்டும் சமமாகும், இதுதான் பஃபிங். உறை மிக மெலிந்ததும் அதைக் கழற்றிப் புதிது ஏற்றுவார்கள். உள்ளிருக்கும் இரும்பு தொடர்ந்து உழைக்கும். இதில் வட்டம் மயிரிழை பிசகினாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். ஓரங்குல விட்டமுள்ள முன்வரிசை உருளை பிசகினால், ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நூல் தடித்து மெலியும். ஆகவே செப்பனிடுபவர் அளவையும், உலோகத்தின் குணத்தையும், தேய்மானத்தின் காரணத்தையும் ஒருசேரக் கற்றாக வேண்டியிருந்தது.

இந்த வழக்கம் பழைய இயந்திரங்களின் ஆயுளை நீட்டி, நவீனமாவதைத் தள்ளிப்போட்டது என்பார்கள். அதில் உண்மை உண்டு. வேகம் குறைந்த பழைய பிரேமை எத்தனை முறை சீராக்கினாலும் அது புதிய பிரேம் ஆகாது. விரிசல் கண்ட தண்டைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. ஆனால் எதை மீட்கலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று பிரித்தறிவதும் அந்தப் பட்டறைக் கல்வியின் பாடமே. 1962-இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸைக் காட்டி, இயந்திரத் தயாரிப்பு வெளியிலிருந்து வந்ததுதானே என்றும் கேட்கலாம். வரைபடம் வெளியிலிருந்து வரலாம். அதில் எழுதிய அளவுக்கு இரும்பை வார்க்கவும் கடையவும் உள்ளூரில் கை வேண்டும். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையமும் பட்டறைகளும் அந்தக் கைகளை வளர்த்திருந்தன. செப்பனிடும் வேலையைப் பஞ்ச காலத்து ஒப்பேற்றல் என்று ஒதுக்கினால், கோவை எப்படித் தொழில்நகரம் ஆனது என்பதில் பாதி விளங்காமலே போகும்.