ஏ9 வீதி: நம்பிக்கைகளும் குறியீடுகளும்

இலங்கையில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நெடுஞ்சாலை ஏ9. யாழ்ப்பாணத்தாருக்கு இது ‘கண்டி வீதி’. தலதா மாளிகை இருக்கும் ஊரில் தொடங்கி, தம்புள்ளைக் குகை விகாரையைத் தொட்டு, நல்லூர்க் கந்தனின் ஊரில் முடிகிறது. ஆனாலும் வழிக்குக் காவல் என்று பயணிகள் கும்பிடுவது இந்தப் பெருந்தலங்களை அல்ல. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, முறிகண்டியில் வீதியோரம் இருக்கும் பிள்ளையாரைத்தான்.

இங்கே நிற்காமல் போனால் வழியில் ஏதாவது நேரும் என்பது சாரதிகளின் நம்பிக்கை. தூரப் பேருந்துகளும் லொறிகளும் ஓரங்கட்டும். இறங்கியவர்கள் கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார்கள். இறங்காதவர்கள் உண்டியலுக்குச் சில்லறை கொடுத்துவிடுவதும் உண்டு. சிங்களச் சாரதிகளும் நிறுத்துவார்கள். வன்னிக் காட்டை ஊடறுத்துப் போகும் நீண்ட வழியில், யானைக்கும் இருட்டுக்கும் அஞ்சியவர்களுக்கு இப்படியொரு துணை தேவைப்பட்டதில் வியப்பில்லை.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இவ்வீதி வேறொரு பொருள் பெற்றது. 1990இல் ஆனையிறவு வழி அடைபட்ட பின், யாழ்ப்பாண மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். 1997 மே மாதம் இவ்வீதியைப் பிடிப்பதற்கென்றே இராணுவம் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியது. ‘வெற்றி நிச்சயம்’ என்பது அப்பெயரின் பொருள். அடுத்த ஆண்டு இறுதியில் இலக்கை எட்டாமலே அது கைவிடப்பட்டது. அக்காலத்தில் ‘பாதை’ என்று மட்டும் சொன்னாலே ஏ9தான். 2002 போர்நிறுத்தத்தில் ‘பாதை திறந்தாச்சு’ என்றால் சமாதானம். 2006 ஆகஸ்டில் ‘பாதை பூட்டு’ என்றால் மீண்டும் சண்டை, கூடவே யாழ்ப்பாணக் கடைகளில் தட்டுப்பாடு.

2009 ஜனவரியில் வீதி முழுவதும் இராணுவத்தின் வசமானது. அதன்பின் அரசு தன் குறியீடுகளை நட்டது. கிளிநொச்சியில், குண்டு துளைத்து வெடித்த கொங்கிரீட் கட்டியின்மேல் தாமரை மலர்கிறது. ஆனையிறவில், இலங்கை வரைபடத்தைக் கைகள் ஏந்தி நிற்கின்றன. தென்னிலங்கைப் பௌத்தர்களுக்கு இவ்வீதி நாகதீப விகாரை யாத்திரைக்கான வழியாயிற்று. வெற்றிச் சின்னங்களும், இராணுவ முகாம்களை ஒட்டி எழுந்த புத்தர் சிலைகளும் தமிழரிடையே கசப்பையே வளர்த்தன. இறந்தவர்களில் ஒரு பக்கத்தாரை மட்டும் நினைக்கும் சின்னத்தை எல்லாருக்கும் பொதுவானதாக ஏற்க முடியாது.

முறிகண்டியில் இன்றும் வண்டிகள் நிற்கின்றன. கும்பிட்டு முடித்தவர்கள் கோயிலடியில் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது வழமை.