மறுபதிப்பில் தொலையும் கோட்டைப் படங்கள்: படைப் பொறியியல் நூல்கள் குறித்த ஒரு நோக்கு

தென்னிந்தியப் போர் வரலாற்றை ஆராய்வோர்க்குக் கோட்டைகள் முதன்மையான சான்றுகள். ஆயினும் அவற்றுட் பல இன்று இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வகுத்த தூர்னே கோட்டையை மாதிரியாகக் கொண்டு, ஐங்கோண வடிவில், புதுச்சேரியில் 1706இல் கட்டிமுடிக்கப்பட்டது லூயி கோட்டை. 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். 1791 மார்ச் 21ஆம் நாள் காரன்வாலிசின் படையிடம் வீழ்ந்த பெங்களூர்க் கோட்டையிலும் தில்லி வாயிலை ஒட்டிய சிறு பகுதியே எஞ்சியுள்ளது. இத்தகைய அரண்களின் அமைப்பை அறிய, அக்காலப் பொறியாளர்கள் வரைந்த திட்டப்படங்களும் அவற்றை விளக்கும் நூல்களுமே துணை.

இந்நூல்கள் நெடுங்காலம் அரிய நூற்பிரிவுகளில் முடங்கிக் கிடந்தன. இராபர்ட் ஓர்ம் 1763இலும் 1778இலும் வெளியிட்ட கருநாடகப் போர்களின் வரலாறு, அலெக்சாந்தர் பீட்சன் 1800இல் வெளியிட்ட திப்பு சுல்தானுடனான போர் பற்றிய நூல், சென்னைப் பொறியாளர் படை, பயனியர் படை ஆகியவற்றின் வரலாறாக வைபார்ட் 1881-83இல் இரு தொகுதிகளில் எழுதியது ஆகியன இவ்வகையின. 2004இல் கூகுள் நிறுவனம் நூலகங்களுடன் இணைந்து தொடங்கிய எண்ணிமப் பணியும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஒருங்கிணைத்த இந்திய எண்ணிம நூலகத் திட்டமும், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் பழநூல்களை எவரும் அணுகும்படி செய்தன. 1700 முதல் 1870 வரையிலான இரண்டரை இலட்சம் நூல்களை எண்ணிமமாக்கப் பிரித்தானிய நூலகம் 2011இல் கூகுளுடன் உடன்பாடு செய்தது. பதிப்புரிமை நீங்கிய இத்தகைய நூல்களின் கோப்புகளை எடுத்து, கேட்பவர்க்கு ஒவ்வொரு படியாக அச்சிட்டுத் தரும் மறுபதிப்புத் தொழிலும் பெருகியது.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் படைப் பொறியியல் நூல், ஏனைய நூல்களைப் போலப் படிக்கப்படுவதன்று. கொத்தளம், அகழி, முற்றுகைப் பள்ளம், பீரங்கி மேடை ஆகிய ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தால் சுட்டி, அவ்வெழுத்தைப் படத்தில் காணுமாறு அமைவது அதன் உரைநடை. படமோ பெரும்பாலும் நூலின் பக்கத்தினும் பன்மடங்கு பெரிது. மடித்து வைத்துத் தைக்கப்பட்டது. விரைவாகப் பக்கம் புரட்டிப் படமெடுக்கும் பணியில் அம்மடிப்பு விரிக்கப்படாமலே போவதுண்டு. அவ்வாறாயின் கோப்பில் பதிவாவது மடித்த தாளின் முதுகும் ஒரு மூலையுமே. மறுபதிப்பாளர் அதனை அப்படியே அச்சிடுகிறார். 1799 மே 4ஆம் நாள் நிகழ்ந்த சீரங்கப்பட்டணத் தாக்குதலில் மதிலின் வடமேற்கு மூலைப் பக்கம் உடைப்பு ஏற்படுத்தப்பட்ட முறையைப் படமின்றிச் சொற்களால் மட்டும் உணர முயல்வார் படும் இடர் சொல்லில் அடங்காது.

படம் விரிக்கப்பட்டிருப்பினும் அளவுகோல் சிக்கல் எழுகிறது. வோபான் நெறியில் ஒரு கொத்தளத்தின் முகத்தை அடுத்த கொத்தளத்திலிருந்து சுட்டுக் காக்க இயல வேண்டும். ஆகவே இடைத்தொலைவு துப்பாக்கி வீச்சுக்குள் அமைதல் இன்றியமையாதது. மூலப்படத்தில் ஓர் அங்குலம் நூறு கெசம் என்று எழுத்தால் குறித்திருப்பதாகக் கொள்வோம். மறுபதிப்பில் படம் பாதியளவாகச் சுருங்கினால், அக்குறிப்பை நம்பி அளப்பவர்க்கு இருநூறு கெசத் தொலைவு நூறாகத் தோன்றும். கோட்டையின் காப்புமுறை பற்றிய முடிவே பிழைபடும். கோடாக வரைந்த அளவுகோல் உள்ள படத்துக்கு இக்கேடு இல்லை. அக்கோடும் படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

எழுத்துணரி மென்பொருளால் உரையாக மாற்றி அச்சிடும் பதிப்புகளின் நிலை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்து, சொல்லின் முதலிலும் இடையிலும் நீண்டு 'எஃப்' போலத் தோன்றும். முற்றுகையைக் குறிக்கும் 'சீஜ்' என்னும் சொல் 'ஃபீஜ்' ஆகிறது. முற்றுகைப் பள்ளத்தைக் குறிக்கும் 'சாப்' என்பது 'ஃபாப்' ஆகிறது. 'சாப்பர்' என்னும் படைப்பெயர்க்கு வேராகிய சொல்லையே ஓர்மின் நூலில் தேடிக் காணமுடியாமற் போவது நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. வைபார்ட்டின் நூல் பிற்காலத்தது ஆதலின் இக்குறை அதற்கில்லை. 1780இல் சென்னையில் இரு பயனியர் குழுக்களாகத் தோன்றி, பின்னர்ப் பெங்களூரில் நிலைபெற்று, 'தம்பிகள்' என்று இன்றும் அழைக்கப்படும் படைப்பிரிவின் முன்வரலாற்றுக்கு அந்நூல் நல்ல ஆவணம்.

மறுபதிப்பாளர் எந்த நூலகத்தின் எந்தப் படி எடுக்கப்பட்டது என்பதை முன்பக்கத்தில் தெரிவித்தல் வேண்டும். பழநூல்களிலிருந்து படங்களை வெட்டித் தனியே விற்கும் வழக்கம் உண்டாதலின், படப்பட்டியலோடு ஒப்பிட்டுக் குறைவனவற்றை வேறு படியிலிருந்து சேர்ப்பதும் அவர் கடன். மடிப்புப் படங்களைத் தனி உறையில் மூல அளவிலேயே தருவது செலவு மிகுந்ததுதான். ஆனால் கோடளவுகோல் ஒன்றைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஆகாது.

தமிழில் பெயர்ப்பார்க்கும் இது தொடர்புடையது. உழிஞையும் நொச்சியும் பாடிய மரபில் இஞ்சி, ஞாயில், கிடங்கு, மிளை எனச் சொல்வளம் உண்டு. எனினும் இரு கொத்தளங்களுக்கு இடைப்பட்ட மதிலுக்கு முன்னே, அகழிக்குள் முக்கோணமாக நிற்கும் 'ராவலின்' பீரங்கிக் காலத்தது. அதற்குப் பழஞ்சொல் ஒன்றைப் பொருத்துவதினும் அப்பெயரையே வைத்துப் படத்தில் சுட்டிக்காட்டுவதே தெளிவு தரும். மடிப்பு விரிக்கப்படாத பதிப்பில் அங்ஙனம் சுட்டுவதற்கு இடமில்லை.