கணக்குத் தீராத விருந்து: மாவோரி வரவேற்பும் நுழைவுச் சீட்டும்

ஹினேமிஹி என்ற மன்ற வீட்டின் மரச்சிற்பங்களுக்குக் கண்களாகப் பதித்திருந்தவை பிரித்தானியப் பொற்காசுகள். மாவோரிச் சிற்பிகள் அவ்விடத்தில் வழக்கமாகப் பதிப்பது பாவா என்னும் நீலப்பச்சைச் சிப்பியை. நியூசிலாந்தின் ரோட்டோருவாவை அடுத்த தெ வைரோவா கிராமத்தில் 1881இல் அவ்வீடு திறக்கப்பட்டபோது தூஹோராங்கி மக்கள் கையில் பணம் புழங்கியது. ரோத்தோமஹானா ஏரிக்கரையின் இளஞ்சிவப்பு, வெண்ணிறப் பாறைப் படிகளைக் காண வந்த ஐரோப்பியரிடம் படகுக்கும் வழிகாட்டிக்கும் மாலை ஆட்டத்துக்கும் அவர்கள் கட்டணம் வாங்கினர். ஒளிப்படம் எடுக்கத் தனிக் கட்டணம்.

சுற்றுலா வந்து மாவோரி மரபு கெட்டது என்பார் இக்கண்களைச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் 1886 ஜூன் 10 அதிகாலை தாராவேரா எரிமலை வெடித்துச் சேறும் சாம்பலும் ஊரை மூடியபோது, இந்த வீட்டுக்குள் ஒதுங்கியவர்கள் உயிர் பிழைத்தனர். ஹினேமிஹி என்பது ஒரு மூதாதையின் பெயர். வீடு அவள் உடல். முகட்டு விட்டம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். பொற்காசுக் கண் வைத்ததால் அவள் மூதாதை அல்லாமல் போய்விடவில்லை.

பயணிக்குக் காட்டப்படுவது மேடையமைத்த மெய்ம்மையே என்று டீன் மெக்கனல் 1973இல் எழுதினார். மேடைக்குப் பின்னால் கலப்பில்லாத வாழ்க்கை ஒன்று இருப்பதாகப் பயணி நம்புகிறான். அதைத் தேடிப் போகிறான். அங்கும் இன்னொரு மேடைதான் காத்திருக்கிறது. கூர்மையான கருத்து. ஆனால் மாவோரி வரவேற்புச் சடங்கான போஃபிரிக்கு இது பொருந்துமா? போஃபிரி தொடக்கத்திலிருந்தே வெளியாளுக்காக நடப்பது. வருகிறவர் இல்லையென்றால் சடங்கே இல்லை.

நடப்பதைக் கவனியுங்கள். மராய் எனப்படும் பொதுவெளியின் வாயிலில் வந்தவர்கள் நிற்கிறார்கள். உள்ளிருந்து ஒரு பெண்ணின் நெடுங்குரல் எழுகிறது. கரங்கா எனும் இந்த அழைப்பு பெண்களுக்கே உரியது. வந்தவர் தரப்பிலும் ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். சில வேளைகளில் வீரன் ஒருவன் ஈட்டி சுழற்றி வந்து, ஒரு சிறு குச்சியையோ தழையையோ தரையில் வைத்து விலகுவான். அவனைப் பார்த்தபடியே குனிந்து எடுத்தால் சமாதானமாக வந்ததாகப் பொருள். பிறகு பேச்சு, பேச்சுக்குப் பின் பாட்டு. அதன்பின் மூக்கும் நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிரும் ஹோங்கி, முடிவில் உணவு. புதியவரோடு ஒட்டி வந்த தபு, அதாவது விலக்கு, உணவோடு நீங்குகிறது. வேற்றாள் விருந்தாளி ஆகிவிட்டார்.

ரோட்டோருவாவின் இரவுக் காட்சிகளிலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. பேருந்தில் வந்த பயணி ஒருவரைத் தலைவராக நியமிப்பார்கள். அவர் அசட்டுச் சிரிப்போடு தழையை எடுப்பார். இதைப் போலி என்று தள்ளுவது எளிது, நான் தள்ளமாட்டேன். இங்கு விடுபடுவது வேறொன்று. மராயில் விருந்தாளி வைத்துவிட்டுப் போவது கோஹா. அது விலையன்று. பெற்றவர் இன்னொரு நாள் திருப்பிச் செய்வார், உறவு நீளும். நுழைவுச் சீட்டோ கணக்கை அன்றைக்கே தீர்த்துவிடுகிறது.

காட்சிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கும் பழக்கத்தில் அரசும் கைதேர்ந்தது. 1901இல் சுற்றுலாவுக்கென்றே அரசுத் துறை ஒன்றைத் தொடங்கி மாவோரி வாழ்வை உலகுக்கு விளம்பரம் செய்த நியூசிலாந்து, 1907இல் தொஹுங்கா எனும் மரபறிஞர்களை ஒடுக்கச் சட்டம் இயற்றியது. அதை ஆதரித்தவர்களில் மாவோரித் தலைவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் நீங்கியது 1962இல்.

ஆகவே, காட்சி அசலா என்று கேட்பதைவிட, வீட்டுக்காரர் யார், விதியை வகுப்பவர் யார் என்று கேட்பதே பயனுள்ளது. எரிமலையில் ஊரிழந்த தூஹோராங்கியர் பலர் குடியேறிய ஃபகரேவரேவாவில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். கொதிக்கும் ஊற்றில் சோளக்கதிரை அவித்துப் பயணிக்குத் தருகின்றனர். அங்கு வழிகாட்டியாயிருந்த மகெரெட்டி பின்னர் ஆக்ஸ்போர்டில் மானிடவியல் பயின்று தம் மக்களைப் பற்றித் தாமே எழுதினார். காட்டப்பட்டவரே எழுதியவருமானார்.

ஹினேமிஹியை 1892இல் ஆளுநர் ஆன்ஸ்லோ 50 பவுண்டுக்கு வாங்கி, இங்கிலாந்தில் தம் கிளாண்டன் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவரளவில் கணக்கு முடிந்தது. மாவோரியருக்கு முடியவில்லை, இங்கிலாந்தில் வாழும் மாவோரியர் அவளைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தனர். சிற்பங்களைத் தாயகத்துக்கு அனுப்ப, கிளாண்டனைப் பேணும் அறக்கட்டளை 2019இல் இசைந்தது.

ரோட்டோருவா போகிறவர்கள் ஒரு பாட்டையாவது மனப்பாடம் செய்துகொண்டு போகவும். உங்கள் தரப்புப் பேச்சு முடிந்ததும் நீங்கள் பாடியாக வேண்டும்.