அறுகம்பேயில் அலைச்சறுக்கல்: முதல் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

போர்க்காலத்தில் எங்களுக்குக் கடல் என்றால் தடை வலயம். 2004க்குப் பிறகு சுனாமி. அலைக்கு முதுகு காட்டி நிற்கப் பயப்படுகிறவர்கள் என் வீட்டிலும் உண்டு. அதனால் விடுமுறையில் நான் பழகியதை எழுதி வைக்கிறேன்.

பொத்துவிலை ஒட்டிய அறுகம்பேயில் ஏப்ரல் கடைசி முதல் ஒக்டோபர் வரை பருவம். தென்மேல் பருவக்காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை குலையாமல் எழும்பும். பெயர்போன மெயின் பொயின்றின் அடியில் பாறை, அது பழகியவர்களுக்கு. புதியவர்களை பேபி பொயின்றுக்குத்தான் கூட்டிப்போவார்கள்.

வகுப்பு மணலில் தொடங்கும். எட்டு, ஒன்பது அடி மென்பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவது, நெஞ்சுக்கு நேரே கையூன்றி ஒரே மூச்சில் எழுவது, முழங்காலை மடித்து நிற்பது. எந்தக் கால் பின்னால் வருகிறதோ அதில்தான் கயிறு. தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையே போதும்; பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். கண் கீழே போனால் ஆளும் கீழே! தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். எழும்பும்போது கையால் தலையை மூடுங்கள், பலகை திரும்பி வந்து அடிக்கும். நீந்தத் தெரியாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடுப்பைப் பற்றிப் பெண்கள் கேட்பார்கள். பருத்தி நனைந்தால் பாரம். முழுக்கை நீச்சல் மேலாடையும் இறுக்கமான நீளக் காற்சட்டையும் வெயிலுக்கும் நல்லது. 2018இல் தொடங்கிய அறுகம்பே பெண்கள் அலைச்சறுக்கல் கழகத்தில் உள்ளூர்த் தாய்மாரும் இருக்கிறார்கள்.

விடியற்காலையில் போங்கள். காற்றும் குறைவு, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் குறைவு.