கையேடு காட்டாத காயல்

வழிகாட்டி நூல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடனிடம் செல்லும் வழியை நெய்தல், முல்லை, மருதம் என நிலம் நிலமாகக் காட்டிச் செல்கிறார். எயிற்பட்டினத்தைக் கூறுமிடத்து அதன் கடற்கரையையும் அக்கரை மக்களையும் அவர் தரும் உணவையும் சேர்த்தே கூறுகிறார். ஐரோப்பியரின் அச்சிட்ட பயணக் கையேடுகளைப் பயிலும்போது இவ்வொப்புமை நினைவுக்கு வருவது இயல்பே. எனினும், ஒப்புமையினும் வேற்றுமையே என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது. வெனிஸ் நகரை முன்வைத்து அவ்வேற்றுமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரி 1836-இல் தம் முதற்கையேட்டை வெளியிட்டார். ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பெடெக்கர் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். தவறாது காணத்தக்கவற்றுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கம் பெடெக்கர் நூல்களால் பெரும்புகழ் பெற்றது. அக்குறிகளைப் பின்பற்றித் திஷியன், டின்டொரெட்டோ, வெரொனீஸ் ஆகியோரின் ஓவியங்களைத் தேடிப் பயணிகள் வெனிசின் தேவாலயங்களுக்குள் நுழைந்தனர். அந்நூல்களில் காயலுக்கும் இடம் உண்டு. ஆயினும், அது நகரின் பின்னணியாகவே நின்றுவிட்டது. காயலின்றி அவ்வோவியங்கள் அவ்வடிவில் தோன்றியிரா என்பதே உண்மை.

இதற்குச் சான்று ஓவியம் தீட்டப்பெற்ற பொருளிலேயே உள்ளது. பிளாரன்சு, ரோம் முதலிய நகரங்களில் ஈரச்சுதையின்மீது தீட்டும் சுவரோவியம் செழித்தது. வெனிசிலோ உப்பீரம் சுவரை அரித்தது. ஜெர்மானிய வணிகர் மாளிகையின் புறச்சுவரில் 1508-ஆம் ஆண்டளவில் ஜோர்ஜோனேவும் இளைஞர் திஷியனும் தீட்டியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மங்கிய துண்டுகளே. ஆகவே, கலைஞர்கள் கித்தானை நாடினர். பாய்மரக் கப்பல்கள் மிகுந்த அத்துறைமுகத்தில் கித்தானுக்குக் குறைவில்லை. சான் ரோக்கோ மண்டபத்தில் 1564 முதல் 1587 வரை டின்டொரெட்டோ படைத்த பேரோவியத் தொகுதியும் கித்தானில் அமைந்ததே. கடற்கரையின் இயல்பு ஒரு கலைமரபின் போக்கையே மாற்றியது எனலாம்.

அக்காயலும் தானே நிலைபெற்றதன்று. சுமார் 550 சதுர கிலோமீட்டர் பரந்த அந்நீர்ப்பரப்பில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து குவித்தன. காயல் தூர்ந்தால் துறைமுகமும் அரணும் ஒருங்கே அழியும் என வெனிஸ் குடியரசு அஞ்சியது. எனவே பிரெந்தா, சீலே, பியாவே ஆகிய ஆறுகளைப் பல தலைமுறைகள் முயன்று காயலுக்குப் புறத்தே திருப்பிவிட்டது. பின்னர், 1744 முதல் 1782 வரை கடலோரத்தில் பெருங்கற்சுவர்களை எழுப்பியது. மண்ணையும் கடலையும் ஒருசேரத் தடுத்த அக்குடியரசு 1797-இல் நெப்போலியனிடம் வீழ்ந்தது.

குடியரசின் இறுதி நூற்றாண்டில் வாழ்ந்தவர் கனலெட்டோ (1697–1768). சுற்றுப்பயணம் வந்த ஆங்கிலேயச் செல்வர்கள் ஊர் திரும்புகையில் வாங்கிச் சென்ற நகரக் காட்சிகள் அவர் தீட்டியவை. அவர் இருட்பெட்டி என்னும் கருவியின் துணையோடு கட்டடங்களை வரைந்தார் என்பர். மாளிகைகளின் அடியில் உயர் ஓதம் தொடும் மட்டத்தில் படர்ந்த பச்சைப் பாசிக்கோட்டையும் அவர் விடவில்லை. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், தாரியோ கமுஃபோ என்னும் இத்தாலிய அறிவியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் அக்கோட்டை இன்றைய பாசிக்கோட்டோடு ஒப்பிட்டு அளந்தனர். கனலெட்டோவின் காலத்துக்குப் பின் நகரம் கடல்மட்டத்தை நோக்க ஏறத்தாழ 60 செ.மீ. தாழ்ந்துள்ளது என 2003-இல் வெளியிட்டனர். ஓதத்தை அளக்கும் கருவி வெனிசில் நிறுவப்பெற்றது 1872-இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டின் நீர்மட்டத்துக்கு ஓவியனின் தூரிகையே சாட்சியாயிற்று.

1966 நவம்பர் 4 அன்று நீர் 194 செ.மீ. உயர்ந்து நகரை மூழ்கடித்தது. ஓவியங்களைச் செப்பனிட உலகமே திரண்டது. காயலையும் சேர்த்தே காக்கவேண்டும் என்னும் எண்ணம் மெல்லவே வலுப்பெற்றது. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 'வெனிசும் அதன் காயலும்' என்றே பெயரிட்டது. கையேடுகள் பிரித்தவற்றை அப்பெயர் இணைத்தது.

2019 நவம்பர் 12 அன்று நீர் மீண்டும் 187 செ.மீ. உயர்ந்தது. மறு ஆண்டு அக்டோபர் 3 அன்று, காயலின் மூன்று வாயில்களிலும் அமைந்த 78 இரும்புக் கதவுகள் முதன்முறையாக உயர் ஓதத்தைத் தடுத்தன. நகரம் நனையவில்லை. எனினும், இங்கொரு முரண் உண்டு. ஆற்று வண்டலை இழந்த உவர்ச்சதுப்புகளுக்குப் புயல்நாளின் பேரோதம் கொணரும் வண்டலே பெரிதும் ஊட்டம். கதவுகள் அடைபடுந்தோறும் அதுவும் குறைகிறது என ஆய்வாளர்கள் எச்சரிக்கின்றனர். அன்று மண் மிகுந்ததால் காயல் அழியுமோ என அஞ்சினர். இன்று மண் இல்லாமையால் அழியுமோ என அஞ்சுகின்றனர். நகரைக் காக்கும் கதவே காயலை மெலிவிக்குமாயின், எதை, எவ்வளவு காலம் காப்பது என்னும் வினாவுக்கு எளிய விடையில்லை.

நான் வெனிசைக் கண்டதில்லை. கையேடுகளின் வழியே அங்குப் பயணம் செய்தவள். அந்நூல்களின் நட்சத்திரங்கள் எனக்கு மாளிகைகளைக் காட்டின. அம்மாளிகைகளின் அடியில் கிடந்த பாசிக்கோட்டைக் காட்டியவன் ஓவியன். விலை கொடுத்தவர் எவரும் அக்கோட்டைக் கேட்டிரார். கண்ணிற்பட்டதை அவன் பொய்யின்றி எழுதினான், அவ்வளவே. பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்தின் கவிஞர்கள் தத்தம் ஊர்க் கரையைப் பாடுங்கால், அங்கு நீர் எம்மட்டில் நின்றது என்பதையும் ஓரடியில் குறித்து வைப்பார்களாக. பின்வருவோர் அதனை அளந்து பார்க்க நேரலாம்.