பொட்டுக்கட்டும் வழக்கமும் அறச் சார்புவாதமும்: அடையாறு வட்டாரத்தில் ஒரு விவாதத்தின் வரலாறு

சென்னையின் தென்கடற்கரையிலுள்ள பெசன்ட் நகர் அன்னி பெசன்டின் பெயரால் அமைந்தது. அதன் எல்லைக்குள் இருக்கும் ஊரூர் ஆல்காட் குப்பமும், 1894இல் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கென ஹென்றி ஆல்காட் தொடங்கிய பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியும், பெசன்டுக்கு முன் பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கரின் பெயரைக் கொண்டுள்ளன. 1882இல் அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்த அச்சபை, இனம், சமயம், பால், சாதி, நிறம் என்னும் வேறுபாடு கருதாத சகோதரத்துவத்தைத் தன் முதல் நோக்கமாகவும், சமயங்களை ஒப்பிட்டுக் கற்பதை இரண்டாம் நோக்கமாகவும் அறிவித்திருந்தது. ஒரு சமூகத்தின் வழக்கங்களை மற்றொரு சமூகத்தார் எடைபோடலாமா என்னும் கேள்வி இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சட்டமன்றத் தீர்மானமாகவும் மேடைப் பேச்சாகவும் விண்ணப்பமாகவும் எழுந்துகொண்டே இருந்ததற்கு, இவ்விரு நோக்கங்களும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தாதது ஒரு காரணம்.

அறச் சார்புவாதம் என்பது, நன்மை தீமை பற்றிய தீர்ப்புகள் அவை பிறக்கும் சமூகத்தின் அளவுகோலுக்கு உட்பட்டே செல்லுபடியாகும், எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை என்னும் நிலைப்பாடு. சமூகங்களின் ஒழுக்க விதிகள் வேறுபடுகின்றன என்பது கண்டறியத்தக்க செய்தி. ஆகவே ஒன்றை மற்றொன்று கண்டிக்கலாகாது என்பது அச்செய்தியிலிருந்து தானாக வந்துவிடாத தனிக் கூற்று. பொட்டுக்கட்டுதல், அதாவது பெண் குழந்தையைக் கோயில் தெய்வத்துக்கு மனைவியாக்கித் தேவதாசியாக்கும் சடங்கு, பற்றிய விவாதம் இவ்விரண்டும் கலந்து குழம்பிய களம்.

சார்புவாதத்தின் சாயலுள்ள முதல் பதில் அறிஞரிடமிருந்து வரவில்லை, அரசிடமிருந்து வந்தது. 1893இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், தாசிகளின் ஆட்டம் நடைபெறும் விருந்துகளுக்குச் செல்லலாகாது என்று வைசிராயையும் சென்னை ஆளுநரையும் வேண்டியபோது, அவர்கள் அத்தகைய நிகழ்ச்சிகளில் தாம் முறைகேடு எதையும் கண்டதில்லை என்று கூறி மறுத்துவிட்டனர். சமய விவகாரங்களில் தலையிடுவதில்லை என்னும் 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் பிரகடனத்தின் வழிவந்த இந்த ஒதுங்கலைப் பிற பண்பாட்டின் மீதான மதிப்பு என்று கொள்வது கடினம். நிருவாக வசதியே அதில் மேலோங்கி நின்றது.

அதே ஆண்டு நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கிய அன்னி பெசன்ட், தொடக்கத்தில் இந்து மரபுக்காக வாதாடுபவராகவே விளங்கினார். மேற்கத்திய அளவுகோலால் இந்தியாவை அளக்கலாகாது என்றும், சாதிமுறையின் ஆதிவடிவம் உயர்ந்தது என்றும் அவர் கூறியது சீர்திருத்தக்காரர் பலருக்கு எரிச்சலூட்டியது. ஆனால் 1913இல் அவர் சென்னையில் ஆற்றிய 'விழித்தெழு, இந்தியா' சொற்பொழிவுகள் குழந்தை மணத்தையும் சாதியையும் நேராகவே தாக்கின. இவ்விருபது ஆண்டுகளில் அவர் இந்தியாவை வெளியிலிருந்து நோக்குபவர் என்ற நிலையிலிருந்து அதன் அரசியலில் பங்காளி என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டார். பங்காளிக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தானே வந்துவிடுகிறது என்று அவர் கருதினார் போலும். அவ்வுரிமை எவ்வளவு சீரற்றது என்பதற்கு அவரே சான்று: 1909இல் 'இந்தியன் ரிவியூ' இதழில், ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்து அவர் எழுதிய கட்டுரையை அம்பேத்கர் 1945இல் தம் நூலில் எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். தம்மை இந்து மரபின் நண்பர் என்று அழைத்துக்கொண்டவர், அம்மரபு யாரை விலக்கியதோ அவர்களை அதே கண்ணால்தான் பார்த்தார்.

1927 இவ்விவாதத்தின் திருப்புமுனை. அவ்வாண்டு அமெரிக்கரான காதரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா', குழந்தை மணம், தேவதாசி முறை முதலியவற்றைக் காட்டி இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்று வாதிட்டது; காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். சில மாதங்களுக்குள், நவம்பரில், சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டுவதைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர்; அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பிறநாட்டவரின் ஏளனமும் உள்ளிருந்து எழுந்த கண்டனமும் ஒரே வழக்கத்தை நோக்கியிருந்தும், முன்னது ஆட்சியை நீட்டிக்கப் பயன்பட்டது, பின்னது சட்டமியற்றக் கோரியது. கண்டிப்பவர் யார் என்பதோடு, கண்டனத்தின் விளைவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் அதன் தகுதியை முடிவு செய்ய முடியாது. மரபைக் காக்க வேண்டுமென்று காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தபோது, ‘உள்ளே’ என்பது ஒரு குரல் அன்று என்பது வெளிப்படையாயிற்று. தேவதாசியராகப் போவதைத் தவிர்த்துவந்த பெண்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்து 1930இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய ஔவை இல்லம் இன்று அடையாறு பெசன்ட் அவென்யூவில் இயங்குகிறது.

மூன்றாவது குரலைத்தான் வரலாறு நெடுங்காலம் கவனிக்கவில்லை. சென்னை மாகாணத்துத் தேவதாசிகள் சார்பில் அக்காலத்தில் அளிக்கப்பட்ட விண்ணப்பம், தேவதாசியர் என்பதும் பரத்தையர் என்பதும் வேறு என வாதிட்டு, ஆகமங்களைச் சான்று காட்டி, தமக்கு வேண்டியது ஒழிப்பு அன்று, சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியுமே என்றது. பிற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை, தத்தெடுக்கும் உரிமை, எழுத்தறிவு ஆகியவை இம்மரபில் இருந்ததை அது மறைக்கவில்லை. இதைத் தன்னலம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தன்னலம் மற்றத் தரப்புகளிலும் இருந்தது. 1929இல் இயற்றப்பட்ட இந்து அறநிலையத் திருத்தச் சட்டம் கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசியர் வைத்திருந்த இனாம் நிலங்களைப் பணிக்கடமையிலிருந்து விடுவித்தது. நிலம் கைவிட்டுப் போகுமென்ற அச்சத்தால் பொட்டுக்கட்டுவது தொடரும் என்பதே அதன் பின்னிருந்த கணக்கு. ஒழிப்பு இயக்கம் அக்குலத்து ஆண்களின் நிலையை உயர்த்தியதையும், பெண்களின் தனித்த நிலையைக் குலைத்ததையும் சமூகவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1985இல் விளக்கமாக ஆராய்ந்திருக்கிறார்.

அம்மரபுக்குள்ளிருந்தே எதிர்த்திசையில் வந்த குரல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருடையது. 1936இல் அவர் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்னும் நாவல், அந்த வாழ்வைத் தன் சொந்த அனுபவத்தால் அறிந்த சுயமரியாதை இயக்கத்தவரின் கண்டனம். அதைச் சார்புவாதத்தால் அடக்கிவிட முடியாது, ஏனெனில் அந்த அளவுகோல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. விண்ணப்பம் எழுதிய பெண்களும் ராமாமிர்தம் அம்மையாரும் ஒரே பண்பாட்டைச் சேர்ந்தவர்கள். 'அந்தப் பண்பாட்டின் தீர்ப்பு' எது என்று கேட்டால் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தேர்வே ஓர் அறத் தீர்ப்பு.

1947இல் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிருவாகக் குழு, மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் முன்னின்று வரைந்த அறிக்கையொன்றை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பியது. ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை மற்றொன்றின் அளவுகோலால் எடைபோடலாகாது என்பது அதன் சாரம். மறு ஆண்டே ஜூலியன் ஸ்டீவார்ட் முதலிய மானிடவியலாளர் அதை விமர்சித்தனர். அறிக்கை எழுதப்பட்ட அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசியாக்குவதைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. தொலைவிலிருந்த மானிடவியலாளர் தீர்ப்பு வேண்டாம் என்ற வேளையில், இங்கே உள்ளிருந்தவர்கள் இருபது ஆண்டு வாதிட்டுத் தீர்ப்பு வழங்கியிருந்தனர்.

வழக்கம் சட்டத்தால் நின்ற பிறகும் அதனோடு வளர்ந்த கலையின் மீதான தீர்ப்பு முடியவில்லை. அச்சட்டத்துக்கு முன்பே, 1935இல் பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி அரங்கேறியபோது, சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்ற புதுப்பெயரோடு மேல்சாதிப் பெண்களின் மேடைக்கு வந்தது. சிருங்கார உணர்ச்சியைக் குறைத்து அதற்குப் பக்தியின் தூய்மையை அளிப்பது அவருடைய நோக்கம். மரபில் வந்த பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் சிருங்காரத்தையே அந்தக் கலையின் உயிராக அவர் முன்வைத்தார். ருக்மிணி தேவி நிறுவித் திருவான்மியூரில் வேரூன்றிய கலாக்ஷேத்ராவின் பாணியும் பாலசரஸ்வதியின் பாணியும் சென்னை மேடைகளில் பல ஆண்டுகள் அருகருகே ஆடப்பட்டன.