அல்லியம் தாவரச் சாறுகள்

அல்லியம் என்பது பூண்டு, வெங்காயம், காட்டுப்பூண்டு ஆகியவை அடங்கிய தாவரப் பேரினம். இவற்றின் சாறுகள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமா, புற்றுச் செல்களின் பெருக்கத்தை ஒடுக்குமா என்ற ஆய்வுக்கான அடிப்படை 19-ஆம் நூற்றாண்டு வேதியியலில் அமைந்தது. பேரினத்தில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தாமாக முளைப்பவை. எனினும் ஆய்வுகளில் பெரும்பகுதி பயிரிடப்படும் பூண்டையும் வெங்காயத்தையும் பற்றியதே.

பழங்காலம்

கி.மு. 1550-ஐ ஒட்டியதாகக் கருதப்படும் எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுருளில் பூண்டு சேர்ந்த மருந்துகள் குறிக்கப்பட்டுள்ளன. மத்திய ஆசியாவின் குச்சாப் பகுதியில் 1890-இல் கிடைத்த பவர் சுவடியின் தொடக்கப் பகுதி பூண்டைப் பற்றியது. வடமொழியில் அமைந்த இச்சுவடியை ருடால்ப் ஹார்ன்லி படித்து வெளியிட்டார். காலத்தை 4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறாகக் கணிக்கின்றனர். பூண்டு விலக்கப்பட்ட அந்தணருக்கும் இச்சுவடி ஒரு வழி சொல்கிறது: பசுவை மூன்று இரவுகள் ஏறக்குறையப் பட்டினி போட்டு, பின் இரண்டு பங்கு புல்லுடன் ஒரு பங்கு பூண்டுத் தாள் கலந்து கொடுத்து, அதன் பாலையோ தயிரையோ நெய்யையோ மோரையோ அவர் உண்ணலாம். இடைக்கால ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் பூண்டு வீட்டு மருந்தாகத் தொடர்ந்தது.

வேதியியல் (1844–1961)

வேதியியலாளர் தியோடர் வெர்தைம் 1844-இல் பூண்டை நீராவியில் வடித்து எண்ணெய் எடுத்தார். அந்த எண்ணெயின் முதன்மைப் பொருள் டைஅல்லைல் டைசல்பைடு என்று 1892-இல் செம்லர் காட்டினார். ஆனால் நீராவியின் சூடு மூலப்பொருளைச் சிதைத்திருந்தது. அமெரிக்காவின் வின்த்ராப் நிறுவனத்தில் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் சூட்டைத் தவிர்த்து, 4 கிலோ பூண்டை அறை வெப்பத்தில் ஆல்கஹாலில் ஊறவைத்தனர். கிடைத்தது 6 கிராம் எண்ணெய். 1944-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு அல்லிசின் என்று பெயரிட்டனர். அது பலவகை பாக்டீரியாக்களைத் தடுத்தது. ஆனால் நிலையற்றது, கடும் நெடியுடையது. மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

நசுக்காத பூண்டில் அந்த நெடி ஏன் இல்லை என்பதற்கு விடை சுவிட்சர்லாந்தின் பாசலில் கிடைத்தது. சாண்டோஸ் நிறுவனத்தின் ஆர்தர் ஸ்டோல், எவால்ட் சீபெக் இருவரும் 1948-இல் அல்லீன் என்னும் மணமற்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். முழுப் பல்லில் அல்லீனும், அதை மாற்றும் அல்லினேஸ் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தியோ அம்மிக்கல்லோ அந்தச் சுவரை உடைத்ததும் இரண்டும் கலந்து, நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. பூண்டின் ஆற்றல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, நசுக்கிய பிறகே பிறப்பது.

வெங்காயத்தின் வேதியியல் சற்றே வேறு. கண்ணீர் வரவழைக்கும் பொருளின் மூலத்தைப் பின்லாந்தின் ஆர்த்தூரி விர்த்தானென் 1960-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். வெங்காயத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலுக்குக் கந்தகச் சேர்மங்களைவிட குவெர்செட்டின் முதலிய ஃபிளேவனாய்டுகளே பெரிதும் காரணமாகக் கூறப்படுகின்றன. இவை வெளியடுக்குகளில் மிகுதி. நாம் உரித்து எறியும் காய்ந்த தோலில் இன்னும் மிகுதி.

விலங்கு ஆய்வுகள்

கிளீவ்லாந்தில் ஆஸ்டின் வைஸ்பெர்கரும் ஜாக் பென்ஸ்கியும் 1957-இல் வெளியிட்ட ஆய்வே பூண்டையும் புற்றையும் பற்றிய விலங்கு ஆய்வுகளின் தொடக்கம் எனலாம். சர்கோமா என்னும் புற்றுச் செல்களை அல்லீனும் நொதியும் சேர்ந்த கலவையில் ஊறவைத்து எலிகளுக்குள் செலுத்தியபோது கட்டி வளரவில்லை. ஏற்கெனவே வளர்ந்த கட்டியைக் குணப்படுத்துவது இதிலிருந்து மாறுபட்டது என்பதைப் பின்வந்த கட்டுரைகள் பல கருத்தில் கொள்ளவில்லை. 1980-களில் லீ வாட்டன்பெர்க், மைக்கேல் வார்கோவிச் ஆகியோர், புற்று உண்டாக்கும் வேதிப்பொருளுக்கு முன் கந்தகச் சேர்மங்களைக் கொடுத்தால் எலிகளில் கட்டிகள் குறைவதைக் காட்டினர். 2001-இல் சாங், மில்னர் ஆகியோரின் ஆய்வு சமையலறைக்கு நெருக்கமானது: நசுக்காத பூண்டை 60 வினாடி மைக்ரோவேவில் சூடாக்கினால் எலிகளில் அதன் தடுப்பாற்றல் போயிற்று, நசுக்கி 10 நிமிடம் விட்டுச் சூடாக்கினால் ஓரளவு நிலைத்தது.

மக்கள்தொகை ஆய்வுகள்

இரைப்பைப் புற்று மிகுந்த சீனாவின் ஷாண்டாங் மாகாணத்தில் 564 நோயாளிகளையும் 1,131 பிறரையும் ஒப்பிட்டு 1989-இல் வெளியான ஆய்வு, பூண்டு, வெங்காய வகைகளை மிகுதியாக உண்டோரிடம் நோய் குறைவு என்றது. 1996-இல் நெதர்லாந்து ஆய்வு வெங்காயத்துக்கு இதையே சொன்னது. பூண்டு மாத்திரைக்குச் சொல்லவில்லை. ஷாண்டாங்கின் லின்ச்சூ வட்டத்தில் 1995-இல் 3,365 பேருடன் சீட்டு முறையில் பிரித்து ஒரு சோதனை தொடங்கியது. பூண்டுப் பிரிவினர் ஏழாண்டுகளுக்கு மேல் பூண்டுச் சாறும் எண்ணெயும் உட்கொண்டனர். 2006-இல் பலன் தெரியவில்லை. 22 ஆண்டுக் கணக்கு 2019-இல் வந்தபோது இரைப்பைப் புற்றால் ஏற்பட்ட இறப்பு குறைந்திருந்தது. நோய் தோன்றுவதில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. இவ்வேறுபாட்டை ஆய்வாளர்கள் பலவாறாக விளக்குகின்றனர். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2007-இல் பூண்டு பெருங்குடல் புற்றைத் தடுப்பது பெரும்பாலும் உண்மை என்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தினர் 2009-இல் வெளியிட்ட மதிப்பீடு சான்று மிகவும் குறைவு என்றது.

காட்டு இனங்கள்

ஐரோப்பியக் காடுகளின் அல்லியம் உர்சினம், நேபாள மலைகளின் அல்லியம் வாலிச்சியை, கிழக்கு ஆசியாவின் அல்லியம் மேக்ரோஸ்டெமன் முதலியவற்றின் இலை, கிழங்குச் சாறுகள் அண்மையில் சோதிக்கப்படுகின்றன. பெரும்பாலும் டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசல் சாறு பட்டு மஞ்சளாவதை அளப்பதும், வளர்ப்புச் செல்களில் சாற்றை இட்டுப் பார்ப்பதுமே முறை. சோதனைக் குழாயில் கிடைக்கும் அளவுக்கும் இரத்தத்தில் சேரும் அளவுக்கும் பெரும் இடைவெளி உண்டு. பூண்டு உண்டவரின் இரத்தத்தில் அல்லிசின் காணப்படுவதில்லை. மேலும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்கு மாறாக, அல்லிசின் தானே செல்லில் உள்ள கந்தகம் கொண்ட தயால் தொகுதிகளை ஆக்சிஜனேற்றுவது. செல் அதற்கு எதிராகத் தன் காப்பு நொதிகளைப் பெருக்குவதே பயன் என்போரும் உளர்.

அல்லியம் உர்சினத்தின் இலையை, நச்சுள்ள கோல்சிக்கம் இலையுடன் குழப்பிப் பறித்து உண்டவர்கள் ஐரோப்பாவில் இறந்திருக்கின்றனர். நசுக்கினால் பூண்டு மணம் வருவது ஓர் அடையாளம், ஆனால் ஒரு முறை முகர்ந்த மணம் கையில் தங்கிவிடுவதால் அதை மட்டும் நம்பக்கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்போர் செறிவூட்டிய பூண்டு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். இச்சாறுகளில் எதுவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மாற்றாக ஏற்கப்படவில்லை.